குரூப்பில் ஒதுக்கப்படும்போது இளம் மனத்துக்கு என்ன ஆகிறது?

வகுப்புக்கு ஒரு வாட்ஸாப் குரூப் இருக்கும். வீட்டுப்பாடம், தேர்வு அட்டவணை எல்லாம் அதில்தான் வரும். பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும். அதில் ஆசிரியர் இருக்க மாட்டார், கேலியும் மீமும் ஓடிக்கொண்டிருக்கும். சில வகுப்புகளில் மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. இரண்டாவது குரூப்பில் இருப்பவர்களில் ஒரே ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லோரையும் சேர்த்து உருவாக்கியது அது. அப்படி ஒரு குரூப் இருப்பது அந்த ஒருத்திக்குச் சில நாள் கழித்து, யாரோ தவறிப்போய் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் மூலம்தான் தெரியவரும்.

யாரும் அவளைத் திட்டவில்லை, மிரட்டவில்லை. அப்பா அம்மாவிடம் எடுத்துக் காட்டிப் புகார் சொல்ல ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் அன்று இரவு அவள் சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறாள். “ஒரு குரூப்புக்குப் போய் இவ்வளவா?” என்று வீட்டில் கேட்கிறார்கள்.

இணையம் இளையோரின் மனநலத்தை என்ன செய்கிறது என்ற பேச்சு வந்தாலே எத்தனை மணி நேரம் போனைப் பார்க்கிறார்கள் என்ற கணக்கில்தான் நாம் தொடங்குகிறோம். அடுத்து மிரட்டல், ஆபாசம், பண மோசடி என்று போகிறோம். அவையெல்லாம் பேச வேண்டியவையே. ஆனால் எந்தச் சத்தமும் இல்லாமல் நடக்கும் ஒன்று இந்தப் பேச்சில் விடுபட்டுப் போகிறது. அதுதான் ஒதுக்கப்படுதல். இதை உளவியலாளர்கள் கால் நூற்றாண்டாக ஆய்வுக்கூடத்தில் வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது, “ஒரு குரூப்புக்குப் போய் இவ்வளவா?” என்ற கேள்விக்கு நேரடியான பதில்.

ஒரு வீசுதட்டிலிருந்து தொடங்கிய ஆய்வு

கிப்ளிங் வில்லியம்ஸ் அமெரிக்க உளவியலாளர். ஒருநாள் பூங்காவில் தன் நாயோடு உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் ஒரு ஃபிரிஸ்பி, அதாவது பிளாஸ்டிக் வீசுதட்டு, வந்து விழுந்தது. அதை எடுத்து, விளையாடிக்கொண்டிருந்த இருவரிடம் வீசினார். அவர்கள் அதைத் திரும்ப அவரிடமே வீசினார்கள். முன்பின் தெரியாத மூன்று பேரும் சிறிது நேரம் மாறி மாறி வீசிக்கொண்டார்கள். திடீரென்று அந்த இருவரும் தங்களுக்குள் மட்டும் வீசத் தொடங்கினார்கள். அவரை எதுவும் சொல்லவில்லை. அவர் பக்கம் தட்டு வருவது மட்டும் நின்றுபோனது. சங்கடத்தோடு நாயிடம் திரும்பிப் போன அவருக்கு ஒரு வியப்பு: பெயர்கூடத் தெரியாத இரண்டு பேர் ஒரு தட்டை வீசாததற்கு எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது?

இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் ‘சைபர்பால்’ என்ற கணினி ஆட்டம். திரையில் மூன்று உருவங்கள் இருக்கும். ஒன்று நீங்கள், மற்ற இருவரும் வேறு எங்கோ உட்கார்ந்து உங்களோடு ஆடுகிறார்கள் என்று சொல்லப்படும். தொடக்கத்தில் ஓரிரு முறை பந்து உங்களிடம் வரும். பிறகு வரவே வராது. மற்ற இருவரும் தங்களுக்குள் வீசிக்கொண்டே இருப்பார்கள். ஆட்டம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். முடிந்ததும், இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள்.

2000ஆம் ஆண்டில் வில்லியம்ஸும் அவருடைய சகாக்களும் இந்த வகை ஆட்டத்தை இணையத்திலேயே வைத்தார்கள். 62 நாடுகளிலிருந்து 1,486 பேர் ஆடினார்கள். எந்த அளவுக்கு ஒதுக்கப்பட்டார்களோ அந்த அளவுக்கு அவர்கள் மனநிலை சரிந்திருந்தது. முகம் தெரியாது, பெயர் தெரியாது, இனி ஒருபோதும் சந்திக்கப்போவதில்லை; இருந்தும் வலித்தது. அதன் பிறகு உலகெங்கும் பலர் இதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 120 சைபர்பால் ஆய்வுகளை, மொத்தம் 11,869 பேரின் தரவுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. உளவியல் ஆய்வுகளில் வழக்கமாகக் கிடைக்கும் விளைவுகளோடு ஒப்பிட்டால் இதில் கிடைத்தது மிகப் பெரியது.

ஆய்வாளர்கள் இந்த வலியை எப்படியாவது குறைத்துக் காட்ட முடியுமா என்றும் முயன்றார்கள். பந்து கைக்கு வரும்போதெல்லாம் பணம் குறையும் என்று விதியை மாற்றினார்கள். பந்து வராமல் இருப்பதுதான் லாபம் என்றாலும் ஒதுக்கப்பட்டவர்களுக்கு வலித்தது. ஒதுக்குகிறவர்கள், ஆடுபவர் அடியோடு வெறுக்கும் ஓர் இனவெறிக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள். அப்போதும் வலித்தது. 2004இல் லீசா ஜாட்ரோவும் வில்லியம்ஸும் இன்னும் ஒரு படி போனார்கள். எதிரில் ஆடுவது மனிதர்களே இல்லை, கணினி நிரல்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ஒதுக்கப்பட்டவர்களின் மனம் அப்போதும் ஏறக்குறைய அதே அளவுக்குச் சரிந்தது. இந்த ஆய்வை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சமூக ஊடகத்தைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான ஆய்வு எனக்குத் தெரிந்து வேறில்லை.

மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள். 2003இல் நவோமி ஐசன்பெர்கர் தலைமையில் லாஸ் ஏஞ்சலஸில், ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி சைபர்பால் ஆடவைத்தார்கள். உடல் வலியின் துன்பத்தோடு தொடர்புடைய ஒரு மூளைப் பகுதி ஒதுக்கப்பட்டபோதும் கூடுதலாக இயங்கியது. இதை வைத்து ‘மனவலியும் உடல்வலியும் மூளைக்கு ஒன்றே’ என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அது மிகைப்படுத்தல். ஒரே பகுதிக்குள்ளும் இரண்டு வலிகளுக்கான நரம்புச் செயல்பாட்டின் வடிவம் வேறுவேறு என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. மூளை ஒதுக்கலை உடனடியாகக் கண்டுகொள்கிறது, பெரிதாக எடுத்துக்கொள்கிறது என்பதுவரை உறுதியாகச் சொல்லலாம்.

எது காயப்படுகிறது?

ஒதுக்கப்படும்போது நான்கு தேவைகள் ஒரே நேரத்தில் அடிவாங்குகின்றன என்பது வில்லியம்ஸின் விளக்கம். நான் இவர்களைச் சேர்ந்தவள் என்ற உணர்வு. எனக்கு மதிப்பு உண்டு என்ற எண்ணம். என் கையில் ஏதாவது இருக்கிறது என்ற பிடிமானம். நான் இருக்கிறேன் என்பது யாருக்காவது தெரிகிறது என்ற நிச்சயம்.

கடைசி இரண்டும்தான் ஒதுக்கலை மற்றச் சண்டைகளிலிருந்து பிரிக்கின்றன. ஒருவர் நம்மைத் திட்டினால் திருப்பித் திட்டலாம், அழலாம், விளக்கம் சொல்லலாம். திட்டுபவர், நாம் இருப்பதை ஒப்புக்கொண்டுதான் திட்டுகிறார். ஒதுக்குபவரிடம் எதுவும் செய்ய முடியாது. “என்மேல என்ன கோவம்?” என்று கேட்டால், “கோவமா? ஒண்ணுமில்லையே” என்று பதில் வரும். அந்தப் பதிலோடு கேட்டவளின் கையிலிருந்த கடைசிப் பிடியும் போய்விடும்.

மனிதர்களுக்கு இந்த உணர்வு ஏன் இவ்வளவு கூர்மையாக அமைந்தது? கூட்டமாக வாழ்ந்துதான் மனித இனம் பிழைத்தது. கூட்டத்திலிருந்து தள்ளப்பட்டவருக்கு இரையும் இல்லை, காவலும் இல்லை. அதனால் ‘தள்ளப்படுகிறேனோ’ என்ற சந்தேகம் எழுந்தவுடனே எச்சரிக்கும் அமைப்பு மனத்துக்குள் உருவாகியிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த எச்சரிக்கை முதலில் அடித்துவிடும். யார் ஒதுக்கினார்கள், எதற்கு, இது பெரிய விஷயமா என்ற யோசனையெல்லாம் பிறகுதான் வரும். பந்தை வீசாதது வெறும் நிரல் என்று தெரிந்தும் மனம் சரிந்தது இதனால்தான்.

கைபேசியில் என்ன மாறியது?

ஒதுக்குவது புதிதல்ல. ஊரை விட்டுத் தள்ளி வைப்பதிலிருந்து அண்ணன் தம்பி பேசாமல் இருப்பதுவரை நாம் எல்லாவற்றையும் பார்த்தவர்கள். குழந்தைகள்கூட ‘காய்’ விடுவார்கள். சில ஊர்களில் ‘டூ’ என்பார்கள். ஆனால் காய் விடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. முகத்துக்கு நேராக, விரலைக் காட்டி, நாலு பேர் பார்க்க விடுவார்கள். காய் விட்டது தெரியும், எதற்கு என்பதும் தெரியும், பழம் விட்டுச் சேர்ந்துகொள்ளும் வழியும் தெரியும்.

கைபேசியில் நடக்கும் ஒதுக்கலில் இந்த மூன்றும் கிடையாது. வாட்ஸாப்பில் 2014 நவம்பரில் புளூ டிக் வந்தது. அதற்கு முன்பு பதில் வரவில்லை என்றால் பார்க்கவில்லை போல என்று நினைத்துக்கொள்ளலாம். இப்போது பார்த்தது தெரிகிறது. பதில் சொல்லாதது ஏன் என்பது மட்டும் தெரிவதில்லை. அம்மா போனை வாங்கி வைத்திருக்கலாம். டேட்டா தீர்ந்திருக்கலாம். என்ன பதில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போயிருக்கலாம். இத்தனை காரணங்கள் இருந்தும், இரவு பதினோரு மணிக்கு அந்த நீலக் குறியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பதினான்கு வயது மனம் தனக்கு எதிரான காரணத்தைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும்.

இன்ஸ்டாகிராமில் 2016இல் ஸ்டோரி வந்தது. 2017இல் ஸ்னாப்சாட் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்தது. இருப்பிடத்தைப் பகிரும் நண்பர்கள் இப்போது எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்பதை அது சின்ன உருவங்களாகக் காட்டும். முன்பெல்லாம் நம்மை அழைக்காமல் நடந்த பிறந்தநாள் விழா திங்கட்கிழமை பள்ளிக்குப் போனால்தான் தெரியும். சில நேரம் தெரியாமலே போகும். இப்போது விழா நடக்கும்போதே கேக் வெட்டுவது தெரிகிறது, யார் யார் போயிருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது. ஒரே வீட்டின் மேல் நான்கு தோழிகளின் உருவங்கள் நெருக்கியடித்து நிற்பதை, தன் வீட்டில் தனியாகப் படுத்தபடி ஒரு சிறுமி பார்க்க முடிகிறது.

அமெரிக்காவில் 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களிடம் பியூ ஆய்வு மையம் 2022இல் எடுத்த கணக்கெடுப்பில், சமூக ஊடகத்தில் பார்ப்பவற்றால் ‘நண்பர்கள் என்னை விட்டுவிட்டுப் போகிறார்கள்’ என்று தோன்றுவதாக 31 சதவீதம் பேர் சொன்னார்கள். நிறைய லைக் வாங்கும் பதிவையே போட வேண்டியிருக்கிறது என்ற அழுத்தத்தைச் சொன்னவர்கள் 29 சதவீதம்.

லைக் என்பதும் ஒதுக்கல் கணக்குதான். ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் வந்தது 2009இல். நட்பு எவ்வளவு என்பதை எண்ணாக எழுதி எல்லோருக்கும் முன்னால் வைக்கும் வேலையை அது தொடங்கிவைத்தது. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், பதின்பருவத்தினரைச் சமூக ஊடகம் போன்ற ஓர் அமைப்பில் அறிமுகக் குறிப்பு எழுதவைத்து, சிலருக்கு மட்டும் மற்றவர்களைவிடக் குறைவான லைக் விழும்படி செய்தார்கள். அவர்களுக்கு மனம் வாடியது. ஏற்கெனவே பள்ளியில் சக மாணவர்களால் துன்புறுத்தப்பட்டிருந்தவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக வாடினார்கள். புண்ணிலேயே மறுபடி படுவது போலத்தான்.

ஒதுக்கியது யார்?

சைபர்பால் ஆட்டத்தில் அந்த இரண்டு பேரும் நிஜத்தில் நிரல்கள். சமூக ஊடகத்தில் நண்பர்கள் நிஜமானவர்கள். ஆனால் நாம் போட்ட பதிவு அவர்களிடம் போய்ச் சேருமா என்பதை முடிவு செய்வது ஒரு நிரல்.

தொடக்கத்தில் இன்ஸ்டாகிராமில் பதிவுகள் நேர வரிசையில் வந்தன. 2016இல் அதை மாற்றி, யாருக்கு எது பிடிக்கும் என்று கணித்து வரிசைப்படுத்தும் முறைக்குப் போனார்கள். அன்றிலிருந்து நம் படம் ஒரு தோழியின் திரையில் முதலில் வரலாம், நாற்பதாவதாக வரலாம், அவள் கண்ணில் படாமலே போகலாம். லைக் குறைந்தால், ‘யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை’ என்று படம் போட்டவள் நினைக்கிறாள். நடந்தது என்னவென்றால், பலருக்கு அந்தப் படம் காட்டப்படவே இல்லை. ஒதுக்கல் நடந்ததே தவிர, ஒதுக்கியவர் என்று யாரும் இல்லை.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தெரிந்துகொண்டால் வலி நின்றுவிடும் என்பதற்காக அல்ல. முதல் அடி எப்படியும் விழும். அதற்கு அடுத்து வரும் யோசனையில் இது உதவும். அந்த யோசனையில்தான் ஒருவர் தன்னை மீட்டுக்கொள்கிறார், அல்லது தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறார். 2021இல் இன்ஸ்டாகிராம் லைக் எண்ணிக்கையை மறைத்துக்கொள்ளும் வசதியைத் தந்தது. பலர் அதைத் தொட்டுப் பார்த்ததே இல்லை. வீட்டில் யாராவது உட்கார்ந்து சேர்ந்து அந்த அமைப்பைத் திறந்து காட்டினால் ஐந்து நிமிட வேலை.

ஏன் இந்த வயதில் இவ்வளவு?

லண்டனில் கேத்தரின் செபாஸ்டியன், சாரா ஜெயின் பிளேக்மோர் முதலானோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில் 11 முதல் 15 வயதுச் சிறுமிகளும் வயதுவந்த பெண்களும் சைபர்பால் ஆடினார்கள். ஒதுக்கப்பட்ட பிறகு சிறுமிகளின் மனநிலை பெரியவர்களுடையதைவிட அதிகமாகச் சரிந்தது. சக வயதினர் என்ன நினைக்கிறார்கள் என்பதில் பதின்பருவ மூளை மிகுந்த கவனம் வைக்கிறது. வீட்டைத் தாண்டி ஒரு கூட்டத்தில் தனக்கென இடம் தேடும் பருவம் அது. அந்தக் கவனம் இயல்பானது, தேவையானதும்கூட.

இதில் சூழ்நிலைக்கும் பங்குண்டு. பெரியவர்களுக்கு ஒரு கூட்டம் ஒத்துவரவில்லை என்றால் வேறு கூட்டம் உண்டு: அலுவலகம் ஒன்று, தெரு ஒன்று, சொந்தம் ஒன்று. பத்தாம் வகுப்பில் படிப்பவளுக்கு இருப்பது ஒரு வகுப்பறை. தன்னை விட்டுவிட்டு குரூப் ஆரம்பித்தவர்களுக்குப் பக்கத்தில், அதே பெஞ்சில், பொதுத்தேர்வு முடியும்வரை தினமும் அவள் உட்கார வேண்டும். மாலையில் வீட்டுக்கு வந்தால் அதே முகங்கள் கைக்குள் இருக்கின்றன.

வலிக்குப் பிறகு நடப்பது

ஒதுக்கப்பட்டவர் என்ன செய்வார் என்பதும் ஓரளவு கணிக்கக்கூடியதே. சிலர் எப்படியாவது ஒட்டிக்கொள்ளப் பார்ப்பார்கள். 2000ஆம் ஆண்டு ஆய்வின் இரண்டாம் பகுதியில், ஒதுக்கப்பட்டவர்களைப் புதிய குழுவோடு சேர்த்து ஓர் எளிய சோதனை வைத்தார்கள். புதிய குழு தவறான பதில் சொன்னபோதும் அதையே ஒத்துச் சொல்லும் போக்கு ஒதுக்கப்பட்டவர்களிடம் கூடுதலாக இருந்தது. ஆபத்தான சவால் வீடியோவை எடுத்துப் போடும் பையனையும், கேட்டவுடன் தன் படத்தை அனுப்பிவிடும் பெண்ணையும் ‘புத்தி இல்லை’ என்று சொல்வதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். ஒதுக்கப்பட்ட பிள்ளையிடம் “நான் இருக்கிறேன்” என்று முதலில் சொல்பவர் நல்லவராகவே இருப்பார் என்று சொல்ல முடியாது. இணையத்தில் பிள்ளைகளுக்கு வலைவீசுபவர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள்.

வேறு சிலர் சீறுவார்கள். 2006இல் வெளியான ஓர் ஆய்வில், ஒதுக்கப்பட்டவர்களிடம், காரம் பிடிக்காத ஓர் அந்நியர் சாப்பிடுவதற்குக் காரச் சாஸ் எடுத்து வைக்கச் சொன்னார்கள். இடையில் அவர்கள் எல்லோரும் எரிச்சலூட்டும் ஒலி ஒன்றைக் கேட்க வேண்டியிருந்தது. ஒலி எப்போது தொடங்க வேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்ய முடியாதவர்கள் மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கு மேல் சாஸ் வைத்தார்கள். ஒதுக்கப்பட்டிருந்தும் ஒலியைத் தொடங்கும் முடிவு தங்கள் கையில் இருந்தவர்களிடம் அந்தச் சீற்றம் இல்லை. சின்னதாக ஏதாவது ஒன்று தன் கையில் இருந்தாலே கோபம் அடங்குகிறது என்பதை இது காட்டுகிறது. வீட்டில் எடுக்கும் முடிவுகளுக்கு இந்த ஆய்வு மிகவும் பயன்படும். அதற்குச் சற்றுப் பின்னால் வருகிறேன்.

பெரும்பாலானவர்கள் விரைவில் தேறிவிடுவார்கள். பலர் நடுவே பேசக் கூசுபவர்கள் தேறுவதற்கு மற்றவர்களைவிட அதிக நேரம் ஆகிறது. ஒதுக்கல் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தொடர்ந்தால் நிலைமை வேறு. சேர்ந்துகொள்ளும் முயற்சி, கோபம் இரண்டுமே ஓய்ந்து, ‘எனக்கு இவ்வளவுதான்’ என்ற நிலைக்கு மனம் போய்விடுகிறது. தனிமை, கையறுநிலை, மனச்சோர்வு இங்கேதான் வேர்பிடிக்கின்றன. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அப்போது பிள்ளை அமைதியாகிவிட்டது போலத் தோன்றும். அதனால் அழுதுகொண்டிருந்த பிள்ளை அழுகையை நிறுத்தியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

அதே இணையம் கைகொடுக்கும் இடம்

எலிஷேவா கிராஸ் என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. இளையோரைச் சைபர்பாலில் ஒதுக்கவைத்தார். பிறகு ஒரு பாதியினரைத் தனியாகக் கணினி விளையாட்டு ஆடச் சொன்னார். மறு பாதியினரை முன்பின் தெரியாத, தங்கள் வயதையொத்த ஒருவரோடு சாட் செய்யச் சொன்னார். சாட் செய்தவர்களின் தன்மதிப்பு கூடுதலாக மீண்டது. பதின்பருவத்தினரிடம் மன வருத்தமும் அதிகமாகக் குறைந்தது. காயப்படுத்தியது கணினித் திரை, ஆற்றியதும் அதே திரை. இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம், மறுமுனையில் ஒருவர் பதில் சொன்னார் என்பதுதான்.

மேலே சொன்ன பியூ கணக்கெடுப்பிலேயே, கஷ்டமான நேரத்தில் துணையாக இருக்க ஆட்கள் உண்டு என்ற உணர்வைச் சமூக ஊடகம் தருவதாக 67 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள். பள்ளியில் ஒரு நண்பன்கூட இல்லாத பையனுக்குச் சதுரங்கம், பறவைகள், கோடிங் என்று ஏதோ ஒன்றில் ஆர்வமுள்ள நான்கு பேர் இணையத்தில் கிடைத்தால், அந்த நால்வரும் அவனுக்கு நிஜமான நண்பர்களே.

மணிக்கணக்கை மட்டும் வைத்து மனநலத்தை அளக்கப் போனால் கைக்கு அதிகம் சிக்காததற்கும் இதுவே காரணம் என்பது என் கருத்து. 2019இல் ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கியும் 3,55,358 பதின்பருவத்தினரின் தரவுகளை ஆராய்ந்தார்கள். டிஜிட்டல் கருவிகளின் பயன்பாடு அவர்களின் நலனில் காணப்படும் வேறுபாடுகளில் அதிகபட்சம் 0.4 சதவீதத்தை மட்டுமே விளக்கியது. அப்படியானால் பாதிப்பே இல்லையா? 2020இல் நெதர்லாந்தில் பட்டி வால்கன்பர்க் குழுவினர் 63 பேரை ஒரு வாரம், தினமும் ஆறு முறை கேட்டுப் பார்த்தார்கள். சும்மா மற்றவர்களின் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்த பிறகு 46 சதவீதம் பேருக்கு நன்றாக இருந்தது. 44 சதவீதம் பேருக்கு மாற்றமில்லை. 10 சதவீதம் பேருக்கு மோசமாக இருந்தது. சராசரி எடுத்தால் அந்தப் பத்து சதவீதம் பேர் காணாமல் போகிறார்கள். சிறிய ஆய்வுதான், ஆனாலும் நாற்பது பேர் படிக்கும் வகுப்பில் அந்த விகிதத்துக்கு நான்கு பேர் என்று எண்ணிப் பார்த்தால், எந்தப் பெற்றோரும் எந்த ஆசிரியரும் அதைச் சிறியதாக நினைக்க மாட்டார்கள்.

வீட்டிலும் வகுப்பிலும்

பிள்ளை வாடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் பல வீடுகளில் முதலில் நடப்பது போனைப் பிடுங்குவது. அக்கறையில் செய்வதுதான். ஆனால் ஏற்கெனவே ஒரு குரூப்பிலிருந்து தள்ளப்பட்டவளை மிச்சமிருக்கும் எல்லாக் குரூப்பிலிருந்தும் நாமே தள்ளிவிடுகிறோம். அவள் கையில் இருந்த கடைசிப் பிடிமானமும் போகிறது. காரச் சாஸ் ஆய்வு சொல்வதை வைத்துப் பார்த்தால், முடிவில் ஒரு பகுதியையாவது அவளிடம் விடுவது நல்லது. “ராத்திரி போன் ஹால்ல இருக்கட்டும். எத்தன மணிக்கு வைக்கலாம், நீயே சொல்லும்மா” என்று கேட்பதும், ஒன்றும் சொல்லாமல் பிடுங்கி அலமாரியில் பூட்டுவதும் ஒன்றாகாது.

அடுத்தது பேச்சு. “இதெல்லாம் ஒரு விஷயமா?” என்றால் பிள்ளை அடுத்த முறை சொல்லாது. “நீ என்ன பண்ணினே?” என்றால் பழி அதன்மேலேயே விழுகிறது. நடந்ததைக் கேட்டுவிட்டு, வலிப்பது சரிதான் என்று ஒப்புக்கொண்டால் போதும். உடனே தீர்வு சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஒதுக்கிய பிள்ளையின் வீட்டுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பது பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும். வகுப்புக்கு வெளியே ஒரு வட்டத்தை உருவாக்கிக் கொடுங்கள்: பறை வகுப்பு, கபடி, நூலகம், அத்தை வீட்டுப் பிள்ளைகள், எதுவானாலும் சரி. இருப்பது ஒரே கூட்டம் என்றால் அது தள்ளும்போது நிற்க வேறு இடம் இருக்காது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுப்பாடமும் தேர்வு அறிவிப்பும் வாட்ஸாப்பில்தான் வரும் என்றால், அந்தக் குரூப்பின் அட்மின் பொறுப்பை மாணவர்களிடம் கொடுக்காதீர்கள். ரிமூவ் செய்யும் அதிகாரம் பதினைந்து வயதில் யார் கையில் இருந்தாலும், கோபம் வரும் நாளில் அது பயன்படுத்தப்படும்.

பதின்பருவத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு: புளூ டிக்கை அணைத்துவைக்க வாட்ஸாப்பில் வழி இருக்கிறது, 2022 முதல் அட்மினுக்கு மட்டும் அறிவிப்பு போகும்படி சத்தமில்லாமல் குரூப்பை விட்டு விலகவும் முடியும். பதில் வராத செய்தியையே பார்த்துக்கொண்டிருப்பதைவிட, பதில் சொல்லக்கூடிய ஒருவருக்கு ஒரு வரி அனுப்புங்கள். மாமா பையனாக இருந்தாலும் பழைய பள்ளித் தோழியாக இருந்தாலும் சரி. நீங்கள் அந்த மூன்றாவது குரூப்பில் இருப்பவர் என்றால், விட்டுப்போனவளுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்ப உங்களால் முடியும். “நாளைக்கு டியூஷனுக்கு சேர்ந்து போலாமா?” என்ற அளவுக்கு இருந்தால் போதும். எல்லோரும் அனுப்ப வேண்டும் என்பதில்லை. ஒரே ஒரு நெருங்கிய நட்பு இருந்தாலே, சக வயதினரால் துன்புறுத்தப்படும் பிள்ளைகளின் பாதிப்பு குறைகிறது என்பதைப் பழைய ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

தூக்கம் கெட்டு, பள்ளிக்குப் போக மறுத்து, பிடித்த எதிலும் ஆர்வம் இல்லாமல் வாரக்கணக்கில் போகிறது என்றால், அல்லது ‘நான் இல்லாமல் போனால் நல்லது’ என்பது போன்ற பேச்சு ஒருமுறை வந்தாலும், வீட்டுக்குள்ளேயே வைத்துச் சமாளிக்க முயல வேண்டாம். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாக, தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கு 1098 உண்டு. இலங்கையில் இருப்பவர்கள் 1926ஐ அழைக்கலாம். அழைப்பது பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் அப்பாவோ அம்மாவோ அழைத்தும் கேட்கலாம்.